பார்மட் போட்டாச்சு, அப்புறம்?

கம்ப்யூட்டர் மெதுவாகிப் போனாலும், கேட்காத விளம்பரம் வந்து விழுந்தாலும், யாரோ நம் பேஸ்புக்கில் புகுந்து கண்டதையும் போட்டாலும் எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் வைத்தியம் ஒன்றுதான். "பார்மட் போட்டுருங்க, சரியாயிரும்." கம்ப்யூட்டரில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதுதான் இந்த பார்மட். காந்திபுரத்துக் கடையானாலும் சரி, பல்லடம், காங்கயம், கோபி பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையானாலும் சரி, இதே பேச்சுத்தான். காலையில் கொடுத்தால் சாயங்காலம் வாங்கிவிடலாம். கம்ப்யூட்டர் புதிதுபோல ஓடும், வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து என்று எனக்குப் பல நாளாகத் தோன்றிக்கொண்டிருந்தது. திருப்பூரில் பெரியப்பா மகன் வீட்டில் நடந்ததைக் கூட இருந்து பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் படம் பார்க்கவும் பிள்ளைகள் விளையாடவும் இருக்கிற ஒரு பெட்டியை நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். கொங்குச் சீமையில் வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படிப்பட்டதில்லை. சோமனூரில் தறிக்குடோன் வீட்டை ஒட்டியே இருக்கும். திருப்பூரில் கீழே மெஷின், மேலே குடித்தனம். முன்னறை மேசையில் இருக்கும் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போகிறது, கம்பெனிக்கு பில் போகிறது, பேங்க் ஸ்டேட்மெண்ட் இறங்குகிறது, பொண்ணு காலேஜ் புராஜெக்ட் அடிக்கிறாள், தோட்டத்துப் பட்டா சிட்டா எடுக்கிறார்கள். நமக்குத் தெரியாமல் உளவு பார்க்கிற ஸ்பைவேர் நிரல் ஒன்று அதில் ஏறினால் ஒரு குடும்பத்தின் வரவு செலவு, உறவு, தொழில் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துபோகும். பெரிய கம்பெனியில் இதைக் கவனிக்கத் தனியாக ஆள் இருப்பார். இங்கே கணக்குப் பார்க்கிற அண்ணிதான் எல்லாவற்றையும் கவனித்தாக வேண்டும்.

ஒன்றுமே ஆகாத அந்த கிளிக்

அண்ணன் வைத்திருப்பது எம்ப்ராய்டரி ஜாப் ஒர்க். அங்கே டிசைன் போடுகிற பையன், படத்தை மெஷின் தைக்கிற தையலாக மாற்றிக் கொடுக்கும் பஞ்சிங் சாப்ட்வேர் ஒன்று காசில்லாமல் கிடைக்கிறது என்று, அந்த ஒரே கம்ப்யூட்டரில் ஏதோ வீடியோவுக்குக் கீழே இருந்த லிங்க்கில் போய் இறக்கியிருக்கிறான். வந்தது ஒரு ஜிப் ஃபைல். அதைத் திறக்க ஒரு பாஸ்வேர்ட், கூடவே "ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டுத் திறக்கவும்" என்று ஒரு குறிப்பு. பாஸ்வேர்ட் போட்ட ஜிப்புக்குள் என்ன இருக்கிறது என்று ஆன்டிவைரஸால் எட்டிப் பார்க்க முடியாது; அதற்காகவே அந்தப் பாஸ்வேர்ட். அதையும் தாண்டித் தடுக்கக்கூடிய ஒரே காவலை நம் கையாலேயே அணைக்கச் சொல்வதற்குத்தான் அந்தக் குறிப்பு. பையன் பிறகு சொன்னது இது: "ரெண்டு தடவ கிளிக் பண்ணுனேங்ண்ணா, ஒன்னுமே ஆகலைங்க. சரி, ஃபைல் கெட்டுப் போயிருக்கும்னு விட்டுட்டேன்." ஒன்றுமே ஆகவில்லை என்று அவன் நினைத்த அந்த நேரத்தில்தான் எல்லாம் ஆகி முடிந்திருந்தது.

இப்போது அதிகம் புழங்குகிற ரகத்துக்குத் தகவல் திருடி என்று பெயர் வைக்கலாம். ரெட்லைன், ரக்கூன், லும்மா என்று வரிசையாக வந்தவை எல்லாம் இந்த ஜாதிதான். இவற்றில் பல, கம்ப்யூட்டரில் குடியிருக்கவே வருவதில்லை. உள்ளே நுழைந்ததும் பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளையும், நாம் லாகின் செய்து வைத்திருக்கும் தளங்களின் குக்கிகளையும் வாரி எடுத்து, வெளியே அனுப்பிவிட்டு, வந்த தடத்தை அழித்துக்கொண்டு போய்விடும். சில நிமிட வேலை. பிரவுசர் அந்தப் பாஸ்வேர்டுகளைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் விண்டோஸில் நம் பெயரில் லாகின் ஆகியிருக்கும்போது ஓடுகிற எந்த நிரலும் அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்கலாம் என்ற நிலைதான் வெகுகாலம் இருந்தது. 2024 ஜூலையில் குரோம் இதை இறுக்கியது. திருடிகளை எழுதுகிறவர்கள் சில மாதங்களிலேயே அதற்கும் வழி கண்டுபிடித்துவிட்டார்கள்.

குக்கி திருட்டுத்தான் நம் ஆட்களுக்குப் புரியவைக்கக் கஷ்டமானது. "எனக்கு ஓடிபி வருமுங்க, ஒருத்தனும் உள்ள வர முடியாது" என்பார்கள். ஓடிபி கேட்பது உள்ளே நுழையும் நேரத்தில் மட்டும்தான். ஒருமுறை நுழைந்த பிறகு, "இவர் ஏற்கெனவே வந்தவர்தான்" என்று அந்தத் தளம் பிரவுசரிடம் ஒரு அடையாளச் சீட்டு கொடுத்து வைக்கிறது. அதுதான் குக்கி. தினமும் மெயிலைத் திறக்கும்போது பாஸ்வேர்ட் கேட்காமல் இருப்பது அதனால்தான். அந்தச் சீட்டைக் காப்பி எடுத்துப் போனவனிடம் பாஸ்வேர்டும் கேட்காது, ஓடிபியும் கேட்காது. நம் போனுக்கு ஒரு மெசேஜ்கூட வராமல் அவன் நம் மெயிலுக்குள் உட்கார்ந்திருப்பான்.

இது எங்கோ ஒருசிலருக்கு நடப்பதும் இல்லை. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்டும் பல நாட்டுப் போலீஸும் சேர்ந்து லும்மாவின் கட்டமைப்பை முடக்கினார்கள். அதற்கு முந்தைய இரண்டே மாதத்தில், 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது ஏறியிருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. ஒரே ஒரு ரகத்தின் கணக்கு அது.

அக்கவுண்ட் மாத்திட்டீங்களாமே?

அண்ணன் வீட்டில் முதலில் வெளியே தெரிந்தது பேஸ்புக்தான். அண்ணியின் பெயரில் பணம் இரட்டிப்பாகும் திட்டம் ஒன்று சொந்தக்காரர் எல்லாருக்கும் போயிருந்தது. அன்றைக்கே கம்ப்யூட்டரைக் கடைக்குக் கொண்டுபோய் பார்மட் போட்டு வந்தார்கள். பேஸ்புக் பாஸ்வேர்டையும் மாற்றினார்கள். எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்களும் "நல்ல வேலை பண்ணுனீங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

கொஞ்ச நாள் கழித்து, அவர்கள் வேலை செய்து கொடுக்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் செக்சனில் இருந்து ஒரு அம்மா கூப்பிட்டார். "ஏனுங்க, பேங்க் அக்கவுண்ட் மாத்திட்டீங்களாமே? இந்த பில்லுல இருந்து புது அக்கவுண்டுக்குப் போடச் சொல்லி மெயில் வந்திருக்குது. எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு கூப்பிட்டனுங்க." அண்ணிக்குக் கை கால் ஓடவில்லை. அப்படி ஒரு மெயில் அவர் அனுப்பவே இல்லை. ஆனால் அது அவருடைய மெயில் முகவரியில் இருந்துதான் போயிருந்தது. அவர் எழுதுகிற மாதிரியே எழுதி, பழைய பில் நம்பரைக் குறிப்பிட்டு, அவர் வழக்கமாகக் கீழே போடுகிற பெயரோடு. அந்த அம்மா கூப்பிட்டுக் கேட்டது மட்டும்தான் இடையில் நின்றது. அவருடைய அந்த ஒரு போனை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். பல கம்பெனிகளில் மெயில் வந்தால் அப்படியே போட்டுவிடுவார்கள்.

அன்று சாயங்காலம் நான் போனேன். வீட்டில் எல்லாருக்கும் ஒரே சந்தேகம்: கடைக்காரன் பார்மட்டைச் சரியாகப் போடவில்லை, மறுபடி போட வேண்டும். கம்ப்யூட்டரை எடுத்து ஆட்டோவில் வைக்கவே தயாராக இருந்தார்கள். நான் அதைத் தொடவில்லை. என் லேப்டாப்பில் அண்ணியை மெயிலுக்குள் நுழையச் சொல்லி, செட்டிங்ஸில் பில்டர் என்று இருக்கும் பக்கத்தைத் திறந்தோம். போனில் இருக்கிற ஜிமெயில் ஆப்பில் இந்தப் பக்கமே கிடையாது. பெரிய திரையில் பிரவுசரில் திறந்தால்தான் தெரியும். போனிலேயே மெயில் பார்த்துப் பழகியவர்கள் வருடக்கணக்கில் இதைப் பார்க்காமலே இருப்பார்கள்.

அங்கே இருந்தது, அண்ணி எழுதாத ஒரு விதி. பேமெண்ட், இன்வாய்ஸ், பேங்க் என்ற வார்த்தைகளில் ஏதாவது ஒன்று உள்ள மெயில் எது வந்தாலும், அதன் நகல் அறிமுகமில்லாத ஒரு முகவரிக்குப் போக வேண்டும். இன்பாக்ஸில் நிற்காமல் ஒதுங்கிவிட வேண்டும். "கம்பெனில இருந்து ஏன் ஒரு பதிலும் வர மாட்டேங்குது" என்று அண்ணி கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பதில்கள் வந்துகொண்டுதான் இருந்தன. இன்னொருவன் படித்துக்கொண்டிருந்தான். அண்ணி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இதுக்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தமே இல்லீங்களா?" என்று கேட்டார். எத்தனை முறை பார்மட் போட்டாலும் அந்த விதி அப்படியேதான் இருந்திருக்கும். அது இருந்தது முன்னறை மேசையில் இல்லை, மெயில் கணக்குக்குள். மெயில் பாஸ்வேர்டை மாற்றியிருந்தால்கூட அந்த விதி தானாகப் போயிருக்காது. சாவிக்கொத்தோடு திருடன் போன பிறகு வீட்டைக் கழுவி வெள்ளையடித்த மாதிரிதான் அந்த பார்மட் இருந்திருக்கிறது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது

பார்மட் போடுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இந்த வைத்தியம் ஒரு காலத்தில் சரியான வைத்தியம். 2003, 2004 வாக்கில் கோயம்புத்தூர் பிரவுசிங் சென்டர்களில் உட்கார்ந்தவர்களுக்கு நினைவிருக்கும்: இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தால் திரையில் பாதியை டூல்பார்களே அடைத்துக்கொண்டிருக்கும். முகப்புப் பக்கத்தைக் கூகுள் என்று மாற்றி வைத்தால் அடுத்த தடவை வேறெங்கோ போய் நிற்கும். கூல்வெப்சர்ச் என்று ஒன்று அந்த வேலையில் பேர் போனது. அந்தக் கால ஸ்பைவேருக்கு நம் கம்ப்யூட்டரிலேயே குடியிருக்க வேண்டிய அவசியம் இருந்தது, ஏனென்றால் விளம்பரம் காட்டினால்தான் அதற்குக் காசு. கூச்சல் போட்டுக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டரும் இழுக்கும். ஸ்பைவேரை நீக்குகிற ஆட்-அவேர், ஸ்பைபாட் என்ற இரண்டு நிரல்களையும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். அதிலும் போகாவிட்டால் பார்மட். போட்டால் உண்மையிலேயே போய்விடும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2004 ஆகஸ்டில் சர்வீஸ் பேக் என்ற பெரிய அப்டேட் இரண்டாவது முறை வந்தபோதுதான், நெட் வழியாக வெளியாள் நுழைவதைத் தடுக்கிற ஃபயர்வால் தானாகவே இயங்குகிற நிலையே வந்தது. அதே வருடக் கடைசியில் ஜெயன்ட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. அங்கிருந்து வந்ததுதான் இன்றைக்கு விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸின் வேர்.

அன்றைக்கு நோய் கம்ப்யூட்டருக்குள் இருந்தது. இன்றைக்குச் சேதம் வெளியே, நம் மெயிலிலும் பேங்கிலும் வாடிக்கையாளர் நம்மேல் வைத்த நம்பிக்கையிலும் நடக்கிறது. கம்ப்யூட்டர் அருமையாக ஓடும். ஸ்கேன் செய்தால் சுத்தம் என்று வரும். பழைய வைத்தியம் பழைய அறிகுறியைத் தேடுகிறது, அந்த அறிகுறி இன்றைக்குப் பெரும்பாலும் வருவதில்லை.

நாங்கள் போன வரிசை

அன்று ராத்திரி நாங்கள் செய்ததில் முக்கியமானது வரிசைதான் என்று நினைக்கிறேன். எதையுமே அந்தக் கம்ப்யூட்டரில் செய்யவில்லை. சந்தேகமுள்ள கம்ப்யூட்டரில் உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்ட் அடித்தால் அந்தப் புதுப் பாஸ்வேர்டும் போய்விடலாம். முதலில் மெயில், ஏனென்றால் மற்ற எல்லாக் கணக்கின் "பாஸ்வேர்ட் மறந்துவிட்டது" இணைப்பும் மெயிலுக்குத்தான் வருகிறது. மெயிலில் பாஸ்வேர்டை மாற்றி, லாகின் ஆகியிருக்கும் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றினோம். அந்த விதியையும் பார்வர்டிங் முகவரியையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு அழித்தோம். மீட்பு போன் நம்பரும் மீட்பு மெயிலும் நம்முடையதுதானா என்று பார்த்தோம். மெயிலைப் படிக்க எந்தெந்த ஆப்புக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்கினோம். அப்புறம் பேங்க், ஜிஎஸ்டி, வருமான வரி, பேஸ்புக் என்று போனோம். நெட் பேங்கிங்கில் யாரையாவது புதிதாகப் பணம் பெறுபவராகச் சேர்த்திருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, வேலை கொடுக்கிற எல்லாக் கம்பெனிக்கும் அண்ணனே போன் போட்டார். "எங்க மெயில்ல ஒருத்தன் பூந்துட்டானுங்க. பேங்க் மாத்தறதுன்னா நானே நேர்ல வந்து சொல்லுவன், மெயில் வந்தா நம்பாதீங்க." அவருக்கு அது மானப் பிரச்சினையாக இருந்தது, பேர் கெட்டுவிடும் என்று முதலில் தயங்கினார். சொன்னதால் பேர் கெடவில்லை. இன்னும் இரண்டு பேர் தங்களுக்கும் இப்படி மெயில் வந்ததை அப்போதுதான் சொன்னார்கள்.

பணம் போய்விட்டிருந்தால் முதல் போன் 1930 என்ற எண்ணுக்கு. நாடு முழுக்க சைபர் குற்றத்துக்கான உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுகளுக்குத் தாவுவதற்கு முன்னால் நிறுத்திவைக்க முயல்வார்கள், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. நம் அக்கவுண்டில் இருந்தே நமக்குத் தெரியாமல், நம் தவறும் பேங்க்கின் தவறும் இல்லாமல் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாளுக்குள் பேங்குக்குச் சொன்னவருக்கு நஷ்டம் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் சொல்லியிருக்கிறது. ஆனால் நம் பெயரை நம்பி இன்னொரு கம்பெனி தானே தவறான அக்கவுண்டுக்கு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. யார் நஷ்டத்தை ஏற்பது என்று இரண்டு கம்பெனிகளும் பேசித் தீர்க்க வேண்டியதுதான். ஜாப் ஒர்க்காரர் அதில் எந்தப் பக்கம் நிற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மதர்போர்டில் இருக்கும் லைசென்ஸ்

கம்ப்யூட்டருக்குக் கடைசியில்தான் வந்தோம். டிஃபெண்டரைத் திறந்து பார்த்தால், சோதிக்க வேண்டாம் என்று ஒதுக்கிவைத்த இடங்களின் பட்டியலில் விண்டோஸின் ஃபோல்டர்களே இருந்தன. கடையில் போட்டுக் கொடுத்தது கிராக் செய்த விண்டோஸ், அதாவது காசு கொடுக்காமல் லைசென்ஸ் பூட்டை உடைத்தது. அதை ஆக்டிவேட் செய்ய ஓட்டிய சின்ன நிரல், தன்னை டிஃபெண்டர் பிடித்துவிடக் கூடாது என்று அந்த இடங்களை ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. அதாவது ஸ்பைவேர் நீக்கப் போன இடத்தில், அடுத்த ஸ்பைவேர் வந்தால் யாரும் கேட்காத ஒரு மூலையை உருவாக்கிக் கொடுத்திருக்கிறார்கள். இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நூறு ரூபாய் கூடக் கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுகிற வாடிக்கையாளரை வைத்துக்கொண்டு அந்தக் கடைத் தம்பிகள் வேறு என்ன செய்வார்கள்?

என்னை வருத்தியது வேறு. அது பிராண்டட் லேப்டாப். வாங்கும்போதே விண்டோஸுக்குக் காசு கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். விண்டோஸ் 8 வந்த 2012-ல் இருந்து, விண்டோஸோடு விற்கப்படும் பிராண்டட் லேப்டாப்புகளில் லைசென்ஸ் சாவி மதர்போர்டிலேயே பதிக்கப்பட்டு வருகிறது. அதே ரகத்தை, ஹோம் என்றால் ஹோமையே, மைக்ரோசாஃப்டின் தளத்தில் இருந்து இறக்கி 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ஏற்றிப் போட்டால், சாவி எதுவும் கேட்காமல் தானே ஆக்டிவேட் ஆகிவிடும். ஒரு பைசா செலவில்லை. கிராக்கே தேவைப்படாத கம்ப்யூட்டரில் கிராக்கைப் போட்டிருக்கிறார்கள். கடைக்குக் கொடுப்பவர்கள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுத்தால் போதும்: "இதுல ஒரிஜினல் இருக்குதுங்க, அதையே போட்டுக் குடுங்க."

அந்த பென்டிரைவை என் லேப்டாப்பில் தயார் செய்தோம். போட்டோ, எக்செல், பிடிஎஃப் மட்டும் வெளியே எடுத்து, ஓடக்கூடிய ஃபைல் எதையும் எடுக்காமல், பழைய பார்ட்டிஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றினோம். முறையாகச் செய்தால் பார்மட் நல்ல வைத்தியம்தான், அதன் இடம் வரிசையில் கடைசி. பிரவுசரில் மறுபடி லாகின் செய்ததும், அதில் சேர்த்துக்கொள்கிற சின்ன நிரல்களான எக்ஸ்டென்ஷன்களின் பட்டியலையும் பார்த்தோம். கூகுள் கணக்கோடு சேர்ந்து பழைய எக்ஸ்டென்ஷன்கள் தாமாகவே திரும்பி வந்துவிடும். வேண்டாதது ஒன்று இருந்தால் அதுவும் சேர்ந்தே வரும்.

இனி வராமல் இருக்கச் செய்ததில் பெரியது ஒன்றுதான். அண்ணிக்கும் பொண்ணுக்கும் டிசைன் பையனுக்கும் தனித்தனி யூசர், கம்ப்யூட்டரில் எதையும் மாற்றக்கூடிய அட்மின் உரிமை யாருக்கும் இல்லை. அட்மின் பாஸ்வேர்ட் அண்ணன் டைரியில். டிசைன் பையன் தன் யூசரில் எதையாவது திறந்தாலும் அண்ணியின் பிரவுசரில் சேமித்ததை அது எளிதில் தொட முடியாது. டிஃபெண்டரையும் அவனால் அணைக்க முடியாது. காசு கொடுத்துத் தனியாக ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்லவில்லை. உள்ளேயே இருக்கிற டிஃபெண்டரும் தள்ளிப்போடாத அப்டேட்டும் ஒரு வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. பொண்ணுக்கு இன்னொன்றும் சொல்லி வைத்தேன். "நான் ரோபோ இல்லை" என்று காட்டச் சொல்லும் பக்கம் விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அமுக்கி எதையாவது ஒட்டச் சொன்னால், அந்தப் பக்கத்தை உடனே மூடிவிட வேண்டும். நாமே நம் கையால் திருடியை ஓடவிடுகிற புது வழி அது. படிக்கிற பிள்ளைகள்தான் அதில் அதிகம் விழுகிறார்கள் என்று தோன்றுகிறது.

இந்தப் பக்கத்து வீடுகளில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்புகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 2011-ல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப வருடங்களில் வந்தவற்றில் விண்டோஸ் 7 இருக்கும். அதற்கு 2020 ஜனவரி 14-க்குப் பிறகு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துபோனது. விண்ணப்பித்துச் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வருட நீட்டிப்பு. அந்த விண்டோஸ் 7 லேப்டாப்பில் பேங்க் வேலை பார்க்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் மெயில் பார்க்கவும் கட்டுரை அடிக்கவும் இன்னும் உழைக்கும்.

தீராமல் இருப்பது பஞ்சிங் சாப்ட்வேர்தான். ஒரிஜினல் வாங்க ஆகும் செலவை அண்ணனின் லாபத்தோடு வைத்துப் பார்த்தால் அவரை வற்புறுத்த எனக்கு வாய் வரவில்லை. கிராக் போட்ட ஒன்றோடு சேர்ந்து வாழ்வதற்கும் மனசு ஒப்பவில்லை. இப்போதைக்கு டிசைனுக்கென்று ஷெட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை வைத்து, அதில் நெட் கனெக்சனை எடுத்துவிட்டோம். டிசைன் பென்டிரைவில் போய் வருகிறது; முன்னறைக் கம்ப்யூட்டரில் செருகியதும் ஸ்கேன் செய்த பிறகே திறக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இலவசமாக, சட்டப்படி கிடைக்கிற இன்க்ஸ்டிட்ச் என்ற எம்ப்ராய்டரி நிரலைப் பையனுக்குக் காட்டியிருக்கிறேன். சின்ன லோகோவெல்லாம் அதில் போட்டுவிடுகிறான். "சேலை பார்டருக்கு இன்னும் கை வரலைங்ண்ணா" என்கிறான். அதற்கு எவ்வளவு நாள் ஆகும் என்று அண்ணன் என்னிடம் கேட்கிறார், நான் பையனைக் கேட்கிறேன்.